‘எவரேனும்’ என்ற ஒரு சொல்: சித்தூர் எல்லையிலிருந்து மருத்துவர் ஒழுங்கதிகாரத்தின் வரலாறு

சற்று நீண்ட பதிவு. சட்டம் பயிலும் நண்பர்கள் பிழை கண்டால் திருத்துங்கள். நான் மொழியியல் படித்தவள், சட்டம் படித்தவள் அல்லள்.

சித்தூர் மாவட்டத்து நகரியில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் நெசவாளர் குடும்பங்களின் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, ஐம்பதைக் கடந்த ஓர் அம்மா ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. டாக்டர் மேல புகார் எழுதணும்னா யாருக்கு எழுதறது? போலீசுக்கா, கலெக்டருக்கா?” அவருடைய கணவருக்கு ஆந்திரத் தனியார் மருத்துவமனை ஒன்றில் வயிற்றில் அறுவை நடந்தது. நிலைமை மோசமாகவே, எல்லைக்கு இந்தப்புறம் தமிழ்நாட்டில் மற்றொரு மருத்துவமனையில் மறு அறுவை நடந்தது. உயிர் தப்பியது, ஆனால் தறியில் உட்கார உடல் இடம் தரவில்லை. முதல் மருத்துவமனை நோய்க்குறிப்புத் தாள்களைத் தர மறுத்துவிட்டது. நட்டஈடு கேட்கப் போகிறீர்களா என்றேன். “பணம் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். அந்த ஆளு செஞ்சது தப்பா இல்லையான்னு ஒருத்தர் சொல்லணும்மா” என்றார்.

அந்த ‘ஒருத்தர்’ யார் என்று தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன்.

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று உருவானது. அதற்கு முன் சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். அம்மாவட்டத்திலிருந்து சித்தூர், சந்திரகிரி, பலமநேர் முதலிய பகுதிகளும், கடப்பை மாவட்டத்திலிருந்து மதனபள்ளி, வாயல்பாடு ஆகியனவும் சேர்ந்து புதிய மாவட்டமாயின. வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்குப் பெயர்ந்தது. புதிய மாவட்டம் சென்னை மாகாணத்துக்குள்ளேயே இருந்தது. ஆகவே 1914இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் மருத்துவர் பதிவுச் சட்டத்தை இயற்றியபோது திருப்பதியில் மருத்துவம் பார்த்தவரும் வேலூரில் மருத்துவம் பார்த்தவரும் ஒரே பதிவேட்டில், ஒரே கவுன்சிலின் கீழ் வந்தனர். மும்பை மாகாணம் இரண்டாண்டு முன்னதாக 1912இலும், வங்காளம் அதே 1914இலும் இத்தகைய சட்டங்களைக் கொண்டுவந்தன.

மூன்று சட்டங்களும் ஒரே தாயின் பிள்ளைகள். பிரிட்டனின 1858ஆம் ஆண்டு மருத்துவச் சட்டமே அந்தத் தாய். அதன் 29ஆம் பிரிவில் உள்ள ஒரு தொடர் அப்படியே கடல் கடந்து சென்னைக்கு வந்தது: ‘இன்ஃபேமஸ் காண்டக்ட் இன் எனி ப்ரொஃபெஷனல் ரெஸ்பெக்ட்’. தொழில் தொடர்பான எவ்வகையிலேனும் இழிபெயர் தரத்தக்க நடத்தை என்று நெருக்கமாகச் சொல்லலாம். உரிய விசாரணைக்குப் பின் ஒரு மருத்துவர் இதில் குற்றவாளி எனக் கவுன்சில் முடிவு செய்தால், அவர் பெயர் பதிவேட்டிலிருந்து அழிக்கப்படும். அவ்வளவுதான் சட்டம். அந்த நடத்தை எது என்று சட்டம் சொல்லவில்லை.

‘இன்ஃபேமஸ்’ என்ற சொல்லின் வேரில் இலத்தீன் ‘ஃபாமா’ உள்ளது. அது ‘பேசு’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த பெயர். பிறர் நம்மைப் பற்றிப் பேசுவது ஃபாமா. உரோமச் சட்டத்தில் ‘இன்ஃபாமியா’ என்பது வசவு அன்று, ஒரு சட்ட நிலை. அதற்கு ஆளானவர் பொது வாழ்வின் சில உரிமைகளை இழப்பார். தமிழிலும் இந்த முடிச்சு இருக்கிறது. ‘பெயர்’ என்றால் பதிவேட்டில் எழுதப்படும் பெயரும்தான், ஊரார் வாயில் உலவும் நற்பெயரும்தான். பெயர் கெட்டவரின் பெயரை நீக்குவது என்று 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருத்தை ஆங்கிலத்தைவிடத் தமிழில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் யார் வாயில் பெயர் கெட வேண்டும்? நோயாளியின் வாயிலா, ஊராரின் வாயிலா, சக மருத்துவரின் வாயிலா? இந்த வரலாற்றின் சிக்கல் முழுவதும் இக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

இதற்கு ஆங்கில நீதிமன்றம் விடை சொன்னது 1894இல், தாமஸ் அல்லின்சன் வழக்கில். அல்லின்சன் இலண்டன் மருத்துவர். மருந்துகளைக் குறைத்து உணவையும் உடற்பயிற்சியையும் வலியுறுத்தியவர். தவிடு நீக்காத கோதுமை ரொட்டிக்காக ஓயாமல் வாதாடியவர். சக மருத்துவர்கள் தரும் மருந்துகள் நஞ்சு என்ற தொனியில் பத்திரிகைகளில் எழுதினார். தம்மிடம் வரும்படி விளம்பரமும் செய்தார். 1892இல் பொது மருத்துவக் கவுன்சில் அவர் பெயரை நீக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ஏற்றுக்கொண்டது. அப்போது லோப்ஸ் நீதிபதி தந்த வரையறைதான் அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு எல்லாக் கவுன்சில்களின் அளவுகோலாக நின்றது. ஒரு மருத்துவர் தம் தொழிலை நடத்தும்போது செய்த செயலை, நற்பெயரும் திறமையும் உள்ள அவருடைய தொழில்சகோதரர்கள் நியாயமான முறையில் இழிவானது, மானக்கேடானது என்று கருதுவார்களானால், அது இழிநடத்தை. இதுவே அவ்வரையறையின் சாரம்.

அந்த வரையறையில் நோயாளி இல்லை. அல்லின்சனால் எந்த நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. புண்பட்டது சகோதரர்களின் மதிப்பு. (அல்லின்சன் பெயர் பதிவேட்டிலிருந்து போயிற்றே ஒழிய உலகிலிருந்து போகவில்லை, பிரிட்டனில் கோதுமை மாவுப் பொட்டலங்களில் இன்றும் இருக்கிறது.) 1930இல் கினாஸ்டன் வழக்கில் ஸ்க்ரட்டன் நீதிபதி இன்னும் வெளிப்படையாகப் பேசினார். இழிநடத்தை என்பது, அத்தொழிலை ஆளும் எழுதிய அல்லது எழுதாத விதிகளின்படி கடுமையான தவறு என்பதற்கு மேல் வேறொன்றுமில்லை என்றார். எழுதாத விதிகள் என்ற சொற்களைக் கவனியுங்கள். அவை தொழிலுக்குள் இருப்பவருக்குத் தெரியும். வெளியே இருப்பவர் அறிய வழியில்லை.

தடயவியல் மருத்துவப் பாடத்தில் மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் ‘ஆறு ஏ’க்கள் இந்த எழுதாத விதிகளின் எச்சம். ஆங்கிலத்தில் ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் ஆறு குற்றங்கள்: சட்டவிரோதக் கருக்கலைப்பு, நோயாளியுடன் முறைதவறிய உறவு, விளம்பரம், போதைப் பழக்கம், மதுமயக்கத்தில் பணி, தகுதியற்றவரோடு கூட்டு. நகரி அம்மாவின் புகார் எதைப் பற்றியதோ, அந்த அலட்சியம் இந்த ஆறில் இல்லை.

ஆறாவது ‘ஏ’யாகிய தகுதியற்றவரோடு கூட்டு, இந்தியாவுக்கு வந்தபோது வேறொரு பொருள் பெற்றது. பிரிட்டனில் அது போலி மருத்துவருக்கு நிழல் தரும் பட்டதாரியைக் குறித்தது. இங்கே தகுதியற்றவர் என்ற சொல்லுக்குள் வைத்தியர்களும் ஹக்கீம்களும் வந்துவிட்டார்கள். 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவேடு மேனாட்டு மருத்துவம் கற்றவர்களுக்கானது. வைத்தியர் தொழில் செய்வதை அது தடுக்கவில்லை. ஆனால் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் ஆயுர்வேதக் கல்லூரியோடு கைகோத்தால் கவுன்சில் அவரைக் கேள்வி கேட்கலாம் என்ற நிலை உருவானது. மும்பையில் அத்தகைய ஒரு பெயர்நீக்கம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. சென்னையிலும் அந்த அச்சம் அரசியல் பேச்சாயிற்று. 1921இல் முகம்மது உஸ்மான் தலைமையில், ஜி. சீனிவாசமூர்த்தியைச் செயலாளராகக் கொண்டு சென்னை அரசு அமைத்த நாட்டு மருத்துவக் குழுவை இப்பின்னணியில் வைத்தும் வாசிக்க வேண்டும். பொதுவாக அக்குழுவை மரபு மருத்துவ மறுமலர்ச்சியின் அத்தியாயமாக மட்டுமே எழுதுகிறார்கள். யாரைச் சகோதரர் என எண்ணுவது, யாரை எண்ணாதிருப்பது என்ற ஒழுங்கதிகாரச் சண்டையின் அத்தியாயமாகவும் அதைப் படிக்கலாம் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் பெயர் நீக்கப்பட்டவர் மருத்துவம் பார்ப்பதையே நிறுத்த வேண்டும் என்பதில்லை. சட்டப்படி செல்லும் சான்றிதழ் தர முடியாது, அரசுப் பதவி வகிக்க முடியாது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து நாடி பார்த்தால் தடுக்க ஆளில்லை. அனைத்திந்திய அளவில், மாநிலப் பதிவேட்டில் இல்லாதவர் நவீன மருத்துவம் செய்யக்கூடாது என்ற தெளிவான தடை, 1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் 1964இல் செய்த திருத்தத்தால்தான் வந்தது. ஐம்பது ஆண்டு காலம் ‘நீக்கம்’ என்பது பெரிதும் மானத்தைத் தொட்ட தண்டனை. பிறகுதான் அது பிழைப்பைத் தொட்டது.

நடுவில் நடந்ததை விரைவாகக் கடக்கிறேன். 1930இல் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் இந்தியப் பட்டங்களுக்கான ஏற்பை நிறுத்தியது. அதன் விளைவாக 1933இல் மத்தியச் சட்டமும் இந்திய மருத்துவக் கவுன்சிலும் பிறந்தன. அது கல்வித் தரத்துக்கான அமைப்பு. ஒழுங்கு நடவடிக்கை மாகாணங்களிடமே இருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டமும் அதே பாதையில் சென்றது. 1964 திருத்தத்தில் 20ஏ என்ற புதிய பிரிவு நுழைந்தது. நடத்தை விதிகளை மத்தியக் கவுன்சில் வகுக்கலாம் என்றது அது. ஒரு மொழியியல் மாணவிக்கு அப்பிரிவின் இரண்டாம் உட்பிரிவு புதையல். எந்த மீறல்கள் ‘இன்ஃபேமஸ் காண்டக்ட்’ ஆகும் என்பதை விதிகள் குறிப்பிடலாம் என்று சொல்லிவிட்டு, உடனே ‘தட் இஸ் டு சே’, அதாவது, ‘ப்ரொஃபெஷனல் மிஸ்காண்டக்ட்’ என்று சேர்த்திருக்கிறார்கள். பழைய சொல்லைத் தூக்கியெறிய மனமில்லை. புதிய சொல் இல்லாமல் முடியவும் இல்லை. ஓர் ‘அதாவது’ போட்டு இரண்டையும் சமமாக்கிவிட்டார்கள். இழிபெயர் என்பது ஊரார் கண்ணில் நிகழ்வது; தவறான நடத்தை என்பது விதியை வைத்து அளக்கப்படுவது. மானத்தின் மொழியிலிருந்து விதியின் மொழிக்குச் சட்டம் தாவியது அந்த ‘அதாவது’வில்தான். பிரிட்டன்கூட ஐந்தாண்டு கழித்து, 1969இல்தான் ‘இன்ஃபேமஸ்’ என்ற சொல்லைக் கைவிட்டு, ‘கடுமையான தொழில்முறைத் தவறு’ என்ற பொருள் தரும் தொடருக்கு மாறியது.

இனி எல்லைக்கு வருவோம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனுடன் சென்றது. திருத்தணிக்காக நடந்த போராட்டத்தை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது, நகரி ஆந்திரத்தில் நின்றது. எல்லைப் போராட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் ஆறுகளையும் கோயில்களையும் கல்விக்கூடங்களையும் கணக்கெடுத்தார்கள். பதிவேடுகளை யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. மாநிலம் பிரிந்தாலும் பழைய சட்டம் உடனே சாவதில்லை. சென்னையின் 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஆந்திரப் பகுதியில் தொடர்ந்தது. ஹைதராபாத் பகுதிக்கு வேறு சட்டம் இருந்தது. ஒரே மாநிலத்தில் இரு மரபுகள். 1968இல் ஆந்திரப் பிரதேச மருத்துவர் பதிவுச் சட்டம் வந்து இரண்டையும் ஒன்றாக்கியது. சித்தூர், சென்னைச் சட்டத்தின் கூரையை விட்டு வெளியே வந்தது அப்போதுதான். பிரிந்து பதினைந்தாண்டுக்குப் பின். 2014இல் தெலங்கானா பிரிந்தபின் ஆந்திரக் கவுன்சில் விஜயவாடாவுக்குப் போனது. வேலூரிலோ அந்த 1914ஆம் ஆண்டுச் சட்டமே, தமிழ்நாடு மருத்துவப் பதிவுச் சட்டம் என்ற புதுப் பெயரோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பயணம். 1900இல் ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய பணி கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த காலம் முதல், சித்தூர் மாவட்டத்தாருக்குப் ‘பெரிய ஆஸ்பத்திரி’ என்றால் அது வேலூர்தான். 1960இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும், 1993இல் ஸ்விம்ஸ் எனப்படும் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் கழகமும் வந்த பிறகும், நோயாளிகள் எல்லையை இரு திசையிலும் கடக்கிறார்கள். பதிவேடு கடப்பதில்லை. மருத்துவர் எந்த மாநிலத்தில் பதிவு பெற்றாரோ, அந்த மாநிலக் கவுன்சிலுக்குத்தான் புகார் போக வேண்டும். நகரி அம்மாவின் கணவருக்கு நேர்ந்தது ஒரே துன்பம். ஆனால் அதன் முற்பாதியை விஜயவாடாவுக்கும் பிற்பாதியைச் சென்னைக்கும் எழுத வேண்டும். இரண்டு கவுன்சில்களும் மற்றதன் பாதியைப் பார்க்கக் கடமைப்பட்டவை அல்ல. சென்னைக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாம். விஜயவாடாவுக்கு இரவு முழுவதும் இரயிலில் போக வேண்டும்.

அந்த அம்மா கேட்ட மற்ற கதவுகளையும் பார்த்துவிடுவோம். காவல்துறை: 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவரைக் குற்றவியல் அலட்சியத்துக்காக விசாரிக்கும் அதிகாரி முதலில் சார்பற்ற, தகுதியுள்ள மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்றது. மருத்துவர்களை வீண் வழக்குகளிலிருந்து காக்க அது தேவையான பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆயினும் காவல் நிலையத்துக்குள் நுழைந்தாலும் பாதை மீண்டும் சகோதரர்களிடமே கொண்டுபோய் விடுகிறது. மாவட்ட ஆட்சியர்: அரசு மருத்துவர் என்றால் அரசு அவரைப் பணியிடைநீக்கம் செய்யலாம். அது வேலையைத் தொடுமே தவிரப் பதிவேட்டைத் தொடாது. செய்தித்தாளில் ‘டாக்டர் சஸ்பெண்ட்’ என்று வாசிக்கும்போது நாம் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

மூன்றாவது கதவு நுகர்வோர் மன்றம். இங்கே சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே ஒரு விசித்திரமான காலம் இருந்தது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மருத்துவம் ‘சேவை’ ஆகுமா என்ற கேள்விக்கு, 1992இல் ஏ.எஸ். சந்திரா வழக்கில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் ஆகும் என்றது. 1994இல் சி.எஸ். சுப்பிரமணியன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நோயறிதலும் சிகிச்சையும் அச்சட்டத்தின்படி சேவை ஆகா என்றது. எனவே ஓராண்டுக்கும் மேலாக, சித்தூரில் கட்டணம் வாங்கிய மருத்துவர் மீது நுகர்வோர் மன்றம் செல்லலாம். ஒரு மணி நேரத் தொலைவில் வேலூரில் செல்ல முடியாது. 1995 நவம்பர் 13 அன்று இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சென்னையின் தீர்ப்பைப் புறந்தள்ளி இந்த வேறுபாட்டை முடித்துவைத்தது.

அவ்வழக்கில் மருத்துவர் தரப்பு வைத்த வாதங்களில் ஒன்று இது: நாங்கள் ஏற்கெனவே மருத்துவக் கவுன்சிலின் ஒழுங்கதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், இன்னொரு மன்றம் எதற்கு? கவுன்சிலின் கட்டுப்பாடு, பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதல் ஆகாது என்பதே நீதிமன்றத்தின் விடை. கவுன்சில் இழப்பீடு தராது. ஆனால் அத்தீர்ப்பில் அதிகம் பேசப்படாத மற்றொரு பக்கம் உண்டு. எல்லோருக்கும் எப்போதும் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் மருத்துவமனை அச்சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகத் தரும் இடத்தில் இலவச நோயாளியும் நுகர்வோரே; முழுக்க இலவசமான இடத்தில் யாரும் நுகர்வோர் அல்லர். ஆக, பணம் கொடுத்தவருக்கு இரண்டு கதவுகள். முழுக்க இலவசமான அரசு மருத்துவமனையின் தரையில் படுத்திருப்பவருக்கு மருத்துவரின் தொழில்நெறியைக் கேள்வி கேட்கக் கவுன்சில் என்ற ஒரே கதவு. கவுன்சில்களின் வரலாறு மருத்துவர்களுக்குள்ளான வரலாறு என்று விட்டுவிட முடியாமைக்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

கவுன்சில்கள் இப்போது பின்பற்றும் விதிகள் 2002இல் அரசிதழில் வந்தவை. நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும், தராதது தவறு. உள்நோயாளி ஆவணங்களை மூன்றாண்டு காக்க வேண்டும். புகாரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். விசாரணை நடக்கும்போதே குறிப்பிட்ட சிகிச்சைமுறையைச் செய்ய விடாமல் தடுக்கலாம். பெயர் நீக்கப்பட்டால் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் பரவலாக வெளியிட வேண்டும். பழைய ‘ஃபாமா’ இங்கே திரும்ப வருகிறது. பட்டியலிட்ட தவறுகள் முழுமையானவை அல்ல, பிறவற்றையும் கவுன்சில் கருதலாம் என்ற வரி, லோப்ஸ் நீதிபதியின் பேரப்பிள்ளை. தொழில் திறமையின்மையைச் சக மருத்துவர் குழுவே தீர்மானிக்கும் என்ற விதியும் அதே குடும்பம்.

2004 மே மாதம் இவ்விதிகளில் இரண்டு வரிகள் கூடுதலாகச் சேர்ந்தன. அவற்றின் பின்னணி கொல்கத்தாவில் இருக்கிறது. 1998இல் அனுராதா சாகா என்ற இளம்பெண் சிகிச்சைக்குப் பின் இறந்தார். அமெரிக்காவில் மருத்துவராயிருந்த கணவர் குணால் சாகா தொடர்ந்த போராட்டத்தில், மேற்கு வங்க மருத்துவக் கவுன்சில் சம்பந்தப்பட்ட மருத்துவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. பின்னாளில் 2009இல் உச்ச நீதிமன்றம் அதே சிகிச்சையில் அலட்சியம் இருந்தது என்றும், 2013இல் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சகோதரர்கள் குற்றம் காணாத இடத்தில் நீதிமன்றம் கண்டது. அக்குடும்பத்தைச் சேர்ந்த மலய் கங்குலி தொடர்ந்த ரிட் மனுவை ஒட்டித்தான் 8.7, 8.8 என்ற விதிகள் பிறந்தன. ஆறு மாதத்தில் மாநிலக் கவுன்சில் முடிக்காவிட்டால் மத்தியக் கவுன்சில் வழக்கைத் தன்னிடம் எடுத்துக்கொள்ளலாம் என்றது முதல் விதி. மாநிலக் கவுன்சிலின் முடிவால் மனக்குறை கொண்ட ‘எவரேனும்’ 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றது இரண்டாம் விதி.

‘எனி பர்சன்’. எவரேனும். 1858 முதல் எண்ணினால் 146 ஆண்டுகள் கழித்து, நோயாளியும் கேள்வி கேட்கத் தகுந்தவர் என்று இவ்வதிகார அமைப்பு எழுத்தில் ஒப்புக்கொண்ட சொல் அது. ஆரவாரமே இல்லாத சொல். சட்டத்தில் ஆயிரம் இடங்களில் வருவது.

2010இல் ஊழல் குற்றச்சாட்டுக்குப் பின் இந்திய மருத்துவக் கவுன்சில் கலைக்கப்பட்டதும், 2016 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 92ஆம் அறிக்கையில் அதைக் கடுமையாகச் சாடியதும், 2018இல் மீண்டும் கலைக்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய மருத்துவ ஆணையத்தை உருவாக்கியது. 2020 செப்டம்பர் 25 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஒழுங்கு விவகாரங்களுக்கு அறநெறி மற்றும் மருத்துவர் பதிவு வாரியம் என்ற தனி அமைப்பு வந்தது. அதன் உறுப்பினருள் ஒருவர் சட்டம், பொதுச் சுகாதாரம் அல்லது நோயாளி உரிமைப் பணியில் அனுபவம் உள்ளவராக இருக்க இடமுண்டு. வெளியாருக்குத் திறந்த சாளரம் இது. பிரிட்டனின் கவுன்சிலில் மருத்துவர் அல்லாத முதல் உறுப்பினர் அமர்ந்தது 1926இல்.

சாளரத்தைத் திறந்த அதே சட்டம் கதவை எப்படி எழுதியது என்று பாருங்கள். 30ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு: மாநிலக் கவுன்சில் எடுத்த நடவடிக்கையால் மனக்குறை கொண்ட ‘மருத்துவரோ தொழில்முறையாளரோ’ வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். 4ஆம் உட்பிரிவு, ஆணையத்திடம் செய்யும் இரண்டாம் மேல்முறையீட்டுக்கும் அதே எழுவாயைத் தருகிறது. ‘எவரேனும்’ இருந்த இடத்தில் ‘மருத்துவர்’ உட்கார்ந்துவிட்டார். வாக்கியத்தின் வினை மாறவில்லை, 60 நாள் மாறவில்லை. எழுவாய் மட்டும் மாறியது.

கதை அத்தோடும் முடியவில்லை. 2023 ஆகஸ்ட் 2 அன்று ஆணையம் மருத்துவர்களுக்கான புதிய நடத்தை விதிகளை அறிவித்தது. பொதுப்பெயர் மருந்துகளையே எழுத வேண்டும் என்பது உள்ளிட்ட சில விதிகளுக்கு எழுந்த எதிர்ப்பால், ஆகஸ்ட் 23 அன்று அவற்றை நிறுத்தி வைத்து, 2002ஆம் ஆண்டு விதிகளையே மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்படியானால் 8.8இன் ‘எவரேனும்’ திரும்பி வந்துவிட்டாரா? விதி சட்டத்தை மீற முடியாது என்பார் ஒருவர். மருத்துவருக்கு உரிமை தந்ததாலேயே மற்றவருடைய உரிமை பறிபோயிற்று என்று சட்டம் எங்கே சொல்கிறது என்பார் மற்றொருவர். இரண்டாம் வாதமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. ‘ராமன் வரலாம்’ என்ற வாக்கியம் ‘சீதை வரக்கூடாது’ என்று பொருள் தருவதில்லை. கேட்பவர் அப்படி ஊகித்துக்கொள்ளலாம், அவ்வளவே. ஆனால் வாக்கியத்தின் பொருளையும் கேட்பவரின் ஊகத்தையும் பிரித்துப் பார்க்கும் வேலை மொழியியல் வகுப்பறையில் எளிது. கவுன்சிலின் அலுவலக மேசையில் அமர்ந்திருப்பவர் ஊகத்தின்படி நடந்தால், அதை எதிர்க்க உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

நகரி அம்மாவுக்கு முதலில் ஆவணம் கேட்டு ஒரு கடிதம் எழுதினோம், 72 மணி நேர விதியைக் குறிப்பிட்டு. நான்காம் நாள் நகல்கள் கிடைத்தன. பிறகு இரண்டு புகார்கள் எழுதினோம். சென்னைக்கு உரியதைத் தமிழில் எழுதுவது எளிதாக இருந்தது. விஜயவாடாவுக்கு உரியதைத் தெலுங்கில் எழுதும்போது அவர் மகன் உதவினான். ‘தொழில்முறைத் தவறான நடத்தை’ என்பதற்குத் தெலுங்கு அகராதி ‘துஷ்ப்ரவர்த்தன’ என்றது. மகன் அதை வாசித்துக் காட்டியதும் அந்த அம்மா தடுத்தார். “அது ஏதோ பொம்பளைங்ககிட்ட தப்பா நடந்த மாதிரி இருக்குடா. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தோம், ராத்திரி முழுக்க வந்து பாக்கல. அத எழுது.”

அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அவர் சொன்னதையே மணி விவரத்தோடு எழுதினோம். தலைப்பில் மட்டும் விதி எண்களைச் சேர்த்தேன். இரண்டு உறைகளையும் நகரி அஞ்சலகத்தில் ஒரே நாளில் கொடுத்தார். ரசீதுகளைத் தறிக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.